வேண்டாம் என்று அவள் சொன்னபோது

என் அருமை அக்கா,

நீ என்னை நம்பி விட்டுப்போன உன் மகள் பவித்ரா நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு உன்னால் படிக்க முடியாது.

போன ஞாயிறு அவளைக் காணவில்லை. வேடசந்தூர் மில்லில் எனக்கு லீவு, சமைத்துக்கொண்டிருந்தேன். நம் பெரியப்பா மகன் அண்ணன் ஒரு பை கொய்யாவோடு பைக்கில் வந்து இறங்கினார். "எங்க என் பொண்டாட்டி?" என்று சிரித்தார். மாமன் முறை என்றால் நம் வீட்டில் அப்படித்தானே கேட்பார்கள்?

கூப்பிட்டேன், பதில் இல்லை. எஸ்.டி.டி. பூத், கோயில், கடைசியில் தெருக்கோடிக் கிணறு என்று ஓடினேன். உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் உயிர் போய் வந்தது, அக்கா.

திரும்பி வந்து கொல்லையில் நின்றேன். பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை, டிரம்மெல்லாம் காலி. மூடியிருந்த ஒன்றுக்குள் இருமல் கேட்டது. திறந்தால் வேர்த்து விறுவிறுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மாமா போயிட்டாரா சித்தி?"

இன்னும் கொஞ்ச நேரம் நான் வராமல் இருந்திருந்தால்?

முந்தின வாரமே சொன்னாள், "வேணாம் சித்தி, மாமா புடிச்சா விடவே மாட்டேங்குறாரு" என்று. "முறைக்காரரு வெளாடுறாரு, திமிரு பண்ணாத" என்று நான்தான், இந்தப் பாவிதான், இழுத்துப்போய் அவர் மடியில் உட்கார வைத்தேன். அவள் அழுதாள். நாங்கள் சிரித்தோம்.

வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் போய், "இனிமே அவளத் தொடாதீங்கண்ணே" என்றேன்.

"மருமகளத் தூக்குறதுக்கு ஒன்கிட்ட கேக்கணுமாக்கும்?"

"என்கிட்ட வேணாம். அவகிட்ட கேளுங்க."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "இருக்குற சொந்தத்தையும் அத்துவிட்டுட்டியே" என்று என் வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

சின்ன வயதில், வீட்டுக்கு ஆள் வந்தால் நீயும் பரணில் ஏறி ஒளிந்துகொள்வாய். யாருக்குப் பயந்தாய் அக்கா? நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

நேற்று அவளுக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தேன். "இப்ப வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. "சரிம்மா" என்று நிமிர்ந்துகொண்டேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் வேண்டாம் என்றால், முறை சொல்லி அவளை யார் மடியிலும் உட்கார வைக்க மாட்டேன். என் மடியிலும்தான்.

உனக்குத் தங்கையும் உன் மகளுக்குச் சித்தியுமான
மல்லிகா