கொத்தில்ல

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எந்த மொழி பேசும் பிள்ளையும் கூச்சமில்லாமல் படிக்கும்படி பாடம் நடத்துவது எப்படி என்று, ஓசூரில் எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. மாதிரி வகுப்புக்காக மாணவர்களையும் உட்கார வைத்திருந்தார்கள். பயிற்சியாளர், அஞ்செட்டியிலிருந்து வரும் என் மாணவி ஜெயப்ரியாவை மேடையேற்றிக் கேள்வி கேட்டார். அவள் பதறிப்போய், வீட்டில் பேசும் கன்னடத்திலேயே "கொத்தில்ல சார்" என்றாள். தெரியாது என்று அர்த்தம்.

"கொத்து இல்லன்னா என்ன, சாதா பரோட்டா சாப்புடும்மா!" என்றார் அவர்.

அரங்கமே சிரித்தது. அர்த்தம் தெரிந்த நானும் சிரித்தேன். த்தூ! பயிற்சி முடிந்ததும் கையில் கொடுத்த சான்றிதழைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டுச் சொல். சும்மாவும் கூப்பிடு.

மணி அடித்துவிட்டது. வகுப்பில் இன்றும் அவள் பெயரை வாசிக்க வேண்டும்.

இசக்கிராஜா