அந்த ஒரு நாடு நீங்கலாக

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். இதை உனக்குப் படித்துக் காட்டும் அறை நண்பருக்கு என் வணக்கம். எழுத்தை உரக்க வாசிக்கும் நிரலை உன் கணினியிலிருந்து நீ அழித்துவிட்டதால் பாவம், அவருக்கு இந்த வேலை.

உரிம விதிகளைக் கடைசி வரி வரை கேட்கும் ஒரே மனிதன் நீ என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் கண்களுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று, உனக்காகத்தான் நிரலை எழுதினேன். பிறகு யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டேன். அப்போதுதான் வந்தது வினை. வாக்கியத்தை முன்னால் எட்டிப் பார்த்து, எங்கே மூச்சு விடுவது என்று கணினி முடிவு செய்யும் முறைக்கு, நீ வேலைக்குப் போயிருக்கும் நாட்டில் ஒரு நிறுவனம் காப்புரிமை வைத்திருக்கிறதாம். மற்ற நாடுகளில் மூச்சு இலவசம். அம்மாவும் செய்தித்தாளை அப்படித்தான் வாசிக்கிறார். அதனால் அவருக்கு இப்போதைக்கு விசா எடுக்கவில்லை.

அப்படிப்பட்ட நாட்டைப் பெயர் சொல்லி விலக்க உரிமத்திலேயே இடமிருக்கிறது என்றார் வக்கீல். விலக்கினேன். புதிய பதிப்பு உன் கணினிக்கு வந்து, தன் தடையைத் தானே கணீரென்று வாசித்திருக்கிறது. நீயும் பயபக்தியுடன் அழித்திருக்கிறாய். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே அங்க குடுக்கக் கூடாதுன்னுதாங்க போட்டோம். இருக்கறத அழிக்கச் சொல்லி யாருங்க கேட்டா?" என்றார். அம்மாவோ, "ஊருக்கெல்லாம் தானம், கூடப் பொறந்தவனுக்கு மட்டும் இல்லியாக்கும்" என்று இரண்டு நாளாக என்னைக் குத்திக்காட்டுகிறார்.

இருபதாம் தேதி வேலையில் உன் தகுதிகாண் காலம் முடிகிறது. அதற்குள் நீ முடித்துத் தர வேண்டிய நாற்பது பக்க அறிக்கையை நண்பர் எத்தனை முறை படிப்பார்? எனவே, நிரலில் பங்குள்ள மற்ற இருவரின் சம்மதத்தோடு, அந்த மூச்சு முறையையே பிடுங்கி எறிந்துவிட்டேன். தடையும் போயிற்று. புதிய பதிப்பை இத்துடன் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். இனி வரி முடியும் இடத்தில்தான் மூச்சு. நீண்ட வாக்கியங்கள் மாடிப்படி ஏறி வந்தவர் பேசுவதுபோலக் கேட்கும். பொறுத்துக்கொள். சட்டப்படி திணறுகிறது.

விலக்கும் வரியில் அந்த நாட்டின் பெயரைத் தட்டியபோது, நீ அங்கே இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நம்புவாயா?

வேலை நிரந்தரமாகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நிரலை ஏற்றியதும் ஒரு வரி எழுது. நண்பரை எழுதச் சொல்லாதே. நீயே எழுது.

என்றும் உன்
அக்கா