மடிப்புக் கலையாத ஒரு துண்டு குறித்து

அனுப்புநர்
படகுகளின் அடிப்பாகம் சுரண்டிச் சுத்தம் செய்யும் தொழிலாளி
(நேற்றிரவு தங்களால் மீட்கப்பட்டவர்),
படகுத்துறைப் பின்தெரு.

பெறுநர்
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
கடலோரக் காவல் நிலையம்.

பொருள்: நேற்றிரவு கடலில் தேடப்பட்டவர் நான்தானா என்ற ஐயம் – தேடுதலை உடனே மீண்டும் தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதற்கண் நேற்றிரவு என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி. நான் அப்போது எந்த ஆபத்திலும் இல்லை என்பது வேறு விஷயம். இரவில் தனியாக மூழ்கக் கூடாது என்ற விதியை மீறியதற்காகத் தாங்கள் என் சிலிண்டர், விளக்கு, மிதவைச் சட்டை, உரிமம் அனைத்தையும் பறிமுதல் செய்தது நியாயமே. அதை எதிர்த்து இம்மனு எழுதப்படவில்லை. காலையிலிருந்து ஒரு குழப்பம் என்னைப் போட்டு ஆட்டுகிறது. அதைத் தங்கள் மேசையில் வைத்துவிடவே எழுதுகிறேன்.

1. பகலெல்லாம் நான் தண்ணீருக்குள்தான் இருக்கிறேன். ஆனால் படகின் அடிவயிற்றையும் அதில் ஒட்டிய சிப்பியையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. எனவே எப்போதாவது இரவில் எனக்காக மட்டும் இறங்குவேன். நேற்று இருட்டியதும் படகு இறக்கும் சரிவின் வழியாக இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் அந்த வழியே போனேன். மனைவியிடம் நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

2. அடியில், பாறைகளுக்கு அப்பால், இன்னொரு விளக்கு தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் விளக்கை வட்டமாகச் சுழற்றிக் காட்டினேன். மூழ்குபவர்களுக்குள் அதற்கு 'நான் நலம், நீங்கள்?' என்று பொருள். அந்த விளக்கும் வட்டமாகச் சுழன்றது. சுழன்றது என்றுதான் நினைக்கிறேன். சரி, அவர் பாட்டுக்கு அவர் இருக்கட்டும் என்று திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது வெளிச்சம் இல்லை. மேலே போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

3. நான் மேலே வந்தபோது கடல் பட்டப்பகல் போலிருந்தது. எங்கு பார்த்தாலும் தங்கள் படகுகளின் வெளிச்சம். யாரைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தேன், நானும் சேர்ந்து தேடலாமே என்ற எண்ணத்தில். "யோவ், உன்னத்தான்யா!" என்று தங்கள் காவலர் என் தோளைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். தண்ணீரிலிருந்து தலையை நீட்டியவனிடம் போலீஸ் அப்படிச் சொன்னால் அவன் நம்பாமல் என்ன செய்வான்? நம்பினேன். மன்னிப்பும் கேட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

4. கடலில் இறங்கிய ஒருவர் திரும்பவில்லை என்று தங்களுக்குத் தகவல் சொன்னவர் ஐஸ் கிடங்கின் காவலாளி. இன்று காலை அவருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தான் பார்த்தது ஒரு ஒல்லியான ஆள் என்றும், அவர் சிலிண்டரோடு பாறைப் பக்கமாக இறங்கினார் என்றும் சொன்னார். ஐயா, தாங்கள் என்னை நேரில் பார்த்தவர். என்னைத் தூக்கிய காவலர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும் தங்களுக்கு நினைவிருக்கும். படகுத்துறையில் என் பெயரே பூசணிதான். என்னை ஒல்லி என்று பெற்ற தாயும் சொன்னதில்லை. நான் பாறைப் பக்கம் இறங்கவும் இல்லை. இவ்வளவையும் கேட்டபின் காவலாளி, "இருட்டுல என்னத்த கண்டேன், நீங்களாவும் இருக்கலாம்" என்று இழுக்கிறார். தானும் குழம்பி என்னையும் குழப்பிவிட்டார்.

5. கரையில் கிடந்த பொருட்களையெல்லாம் தங்கள் காவலர்கள் ஒரே பையில் திரட்டி, என்னுடையவை என்று என்னிடம் தந்தார்கள். என் சட்டை, கால்சட்டை, செருப்பு அதில் இருந்தன. கூடவே ஒரு நீலத் துண்டும், அதன் மடிப்புக்குள் ஒரு வீட்டுச் சாவியும் இருந்தன. நான் துண்டு கொண்டுபோவதில்லை, சட்டையிலேயே துடைத்துக்கொள்வேன். சாவி எங்கள் வீட்டுக் கதவுக்குச் சேரவில்லை. அது எந்த வீட்டுச் சாவி என்று என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவது முறையாகாது. நண்பன் வீட்டுக் கதை வேறு அதற்குள் வெளிவந்திருந்தது. திட்டிக்கொண்டே துண்டைக் கையில் எடுத்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "இது தொடைக்காத துண்டுங்க. தண்ணியில இருந்து வந்தவரு மொதல்ல இதத்தானே எடுத்திருப்பாரு?" என்றார். அதன்பின் அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

6. தங்கள் எழுத்தரிடம் இதைச் சொன்னேன். யாரையும் காணோம் என்று எந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை என்றார். காணாமல் போனவர் ஒருவர், கிடைத்தவர் ஒருவர், கோப்பு முடிந்தது என்றார். பகலில் குளிக்க வந்த யாரோ மறந்துபோன துண்டாக இருக்கலாம் என்றும் சொன்னார். இருக்கலாம். ஆனால் வீட்டுச் சாவியை மறந்தவர் இருட்டுவதற்குள் தேடிக்கொண்டு வந்திருக்க மாட்டாரா? புகார் வரவில்லை என்றால், அந்த வீட்டில் புகார் கொடுக்க வேறு ஆள் இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? என்னைப் போல அவரும் எங்கோ போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தால்?

7. நான் கண்டது என் விளக்கின் எதிரொளிதானோ என்றும் தோன்றுகிறது. நலம் என்று காட்டியவரைத் தேடச் சொல்லும் நான் முட்டாளோ என்றும் தோன்றுகிறது. ஒன்று மட்டும் நிச்சயம். நான் தலையை நீட்டியதால்தான் தேடுதல் நின்றது. அப்போது படகுகள் அந்தப் பாறைகளுக்கு அப்பாலுள்ள பாறைத்தீவுப் பக்கம் இன்னும் போயிருக்கவில்லை. நேற்று நீரோட்டம் அந்தப் பக்கம்தான் இழுத்தது. மிதவைச் சட்டை அணிந்தவர் இவ்வளவு நேரமும் மிதந்துகொண்டிருக்கலாம், பாறையில் ஒதுங்கியும் இருக்கலாம். இன்னொருவருக்காக வந்த படகில் நான் ஏறி வந்துவிட்டேனோ என்று நினைத்துத்தான் தங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே, பாறைத்தீவுப் பக்கம் இப்போதே ஒரு படகை அனுப்பும்படி தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். படகு இல்லையென்றால் என் சிலிண்டரையும் விளக்கையும் இன்று ஒருநாள் மட்டும் திருப்பித் தாருங்கள். இம்முறை தனியாகப் போகமாட்டேன். என் மனைவி கரையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே யாரும் இல்லை, எல்லாம் என் மனப்பிரமை என்று தெரியவந்தால், என் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்துவிடுங்கள். அதைவிட நல்ல செய்தி இன்று எனக்கு இல்லை.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: மீட்கப்பட்டதற்கு மறுநாள், காலை

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
படகு சுரண்டும் தொழிலாளி

இணைப்பு: சாவி ஒன்று, நீலத் துண்டு ஒன்று.

குறிப்பு: துண்டைத் தடயப் பொருள் என்று அலமாரியில் பூட்டிவிட வேண்டாம். படகிலேயே வைத்து அனுப்பவும். ஏறியதும் அவருக்கு அது தேவைப்படும்.