இறுக்கவா என்று கேட்ட குரல்

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. எத்தனை துவைத்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகாத வாடை. வெள்ளிக்கிழமை அல்லவா, இரும்பு சீவும் மில்லிங் மிஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கத்தான் போனேன். நீங்கள் போன பிறகு அதற்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பொட்டு மட்டும்தான்.

பின்னாலேயே உங்கள் தம்பி வந்து நின்றார். கையில் சரிவாகச் சீவ வேண்டிய ஓர் இரும்புத் துண்டு.

"வைஸைத் திருப்பணும் மதினி. வேண்டாம்னா சொல்லுங்க, மிஷினையே குடுத்துருவோம். சும்மா கெடந்தா துருதான் பிடிக்கும்."

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸ் நீங்கள் கடைசியாக நேர் பார்த்து வைத்தது. அதை மிஷின் மேஜையோடு பிணைக்கும் நட்டை இதுவரை யாரையும் தொட விட்டதில்லை நான்.

சர்க்கரை உங்கள் கண்ணைத் தின்றுகொண்டிருந்த நாட்களில், டீ கொண்டுவரச் சொல்லும் சாக்கில் என்னைக் கூப்பிடுவீர்கள். கண் போனது வெளியே தெரிந்தால் பாளையம்பட்டியில் ஒருவரும் வேலை தரமாட்டார்கள் என்ற பயம். "கணக்கு நோட்டுல பைசா தவறவிடாத கண்ணு ஒனக்கு. நீ பாரு, நான் தட்டுறேன்" என்பீர்கள். வைஸின் தாடையில், மயிரிழைக் கோணலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை முட்டவைத்து, மிஷின் மேஜையை மெல்ல நகர்த்துவீர்கள். தாடை கோணலாக இருந்தால் முள் ஓடும். நான் சொல்லச் சொல்ல உங்கள் சுத்தியல் தட்டும்.

"வலது பக்கம் ஓடுதுங்க."

"உங்கம்மா வீட்டுக்கா? திருச்சுழி பஸ்ஸு ஏறுறதுக்குள்ள இழுத்துட்டு வருவோம்."

சிரித்தால் முள்ளைத் தவறவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொள்வேன். "நின்னுருச்சுங்க" என்றதும், "இறுக்கவா?" என்பீர்கள். நான் 'ம்' சொன்ன பிறகுதான் ஸ்பேனர் திரும்பும். "இறுக்கும்போதுதான் நழுவும். இறுக்குன பெறகும் ஒருக்காப் பாரு."

உங்கள் கண்ணுக்காக முருகனிடம் வேண்டாத நாளில்லை. கண் திரும்பவில்லை. சிறுநீரகமும் போய், நீங்களும் போனீர்கள். விளக்கு ஏற்றுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. கேட்பதற்குத்தான் எதுவும் இல்லை.

இன்று அந்த நட்டை நானேதான் தளர்த்தினேன். வேறு கை படுவதற்கு மனசு ஒப்பவில்லை. ஸ்பேனரில் உடம்பைச் சாய்த்துத் தொங்கியும் லேசில் அசையவில்லை. அவ்வளவு இறுக்கியிருந்தீர்கள்.

சரிவுச் சீவல் முடிந்ததும் தம்பி வைஸை வெறும் கண்ணாலேயே நேர் பார்த்துப் பழையபடி திருப்பினார். "போதும் மதினி, நேராத்தான் இருக்கு. டவுனுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

எனக்குப் போதவில்லை. கேஜை மாட்டினேன். நானே மேஜையை நகர்த்தினேன், நானே பார்த்தேன், நானே தட்டினேன். முள் ஓடியது. தட்டினேன். மறுபக்கம் ஓடியது. சோறு பொங்கும் நேரம் தாண்டித்தான் முள் நின்றது.

"நின்னுருச்சுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கேள்விக்காகச் சற்று நேரம் நின்றிருந்தேன். பிறகு 'ம்' என்று நானே சொல்லி இறுக்கினேன்.

இறுக்கிய பிறகும் ஒருமுறை பார்த்தேன். நழுவியிருந்தது.

மறுபடியும் நட்டைத் தளர்த்தினேன்.