நூந்த விளக்கும் நோவுக்கு ஊசியும்

என் உப்புத் தேத்தண்ணி அப்பாவுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் போன ஐந்தாம் நாள், உங்கள் படத்துக்கு முன்னால் அம்மா வைத்த தேத்தண்ணியில் உப்புப் போட்டது நான்தான். உயிரோடு இருந்தபோது எத்தனை தரம் போட்டிருப்பேன்! ஒரு வாய் குடித்து முற்றத்தில் துப்பிவிட்டு, "எங்கை அந்தக் குரங்கு?" என்று செருப்பைத் தேடுவீர்கள். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறிக்கொண்டே இருந்தது. நீங்கள் துப்பவில்லை. செத்தவீட்டில் அழாத எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்றைக்கு இருபத்து நாலாம் நாள். நெடுந்தீவில் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. வேலியில் கட்டிய ஓலை எல்லாம் படபடவென்று ஒப்பாரி வைக்கிறது. நீங்கள் ஓட்டிய படகை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறார். இறங்குதுறையில் அணைக்கும்போது ஒவ்வொரு தரமும் இடிக்கிறார். கேட்கிறதோ?

அக்காவின் சங்கதி சொல்ல வேண்டும். அவள் வாசலுக்கு வருவதற்கு முன்னம் வயிறு வந்து சேர்கிறது. கிளினிக்கில் சொன்ன நாளுக்கு இன்னும் பன்னிரண்டே நாள்தான். இந்தத் தீவில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் நாள் கிட்டுவதற்கு முன்னமே யாழ்ப்பாணம் போய் நிற்பார்கள். அக்காவும் அங்கே சின்னம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். போகவில்லை. ஏன் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் விளக்குத்தான் காரணம். முப்பத்தோராம் நாள் வரை உங்கள் படத்தடியில் அது நூராமல் அணையாமல் எரிய வேண்டுமாம். வீட்டாள்தான் எண்ணெய் விட வேண்டுமாம். "முப்பத்தொண்டு முடியாமல் இந்த விளக்கை விட்டிட்டு நான் படலை தாண்ட மாட்டன். மனுசன் வந்து பாக்கேக்கை வீடு இருட்டாக் கிடக்கிறதோ?" என்கிறார் அம்மா.

அக்காவோ, "அம்மா இல்லாமல் நான் போகேலாது. லேபர் றூமுக்குள்ளை ஆர் என்ரை கையைப் பிடிக்கிறது? இவளோ? இவள் கிச்சுகிச்சு மூட்டுவாள்" என்கிறாள். அத்தான் கட்டாரில் இருந்து நாளுக்கு மூன்று தரம் போன் எடுத்து, "வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்கிறார். அக்கா சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள்.

நீங்கள் காற்று நாளில் ஒரே கயிற்றில் நாலு படகைக் கட்டிவிடுவீர்களே, அப்படிக் கிடக்கிறோம். விளக்கில் அம்மா, அம்மாவில் அக்கா, அக்காவில் நான். சுற்றிவரக் கடல். நீங்கள் கட்டிய முடிச்சை யார் வந்து அவிழ்ப்பது?

அக்காவுக்கு என்ன பயம் என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய மூத்தவன் பிறக்க ஒரு பகலும் ஒரு இரவும் எடுத்தது. நடுவில் வலி குறையப் போட்ட ஊசிதான் அவளைக் காப்பாற்றியது. "அதைப் போட்ட பிறகுதான் என்ரை பேரே எனக்கு ஞாபகம் வந்தது" என்று இப்போதும் சொல்வாள்.

அந்த ஊசிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று நாயாய் அலைந்தது நீங்கள். வருகிற போகிற நேர்ஸ்மாரை எல்லாம் மறித்து, "என்ரை பிள்ளைக்கு நோவுக்கு ஊசி போட்டாச்சோ?" என்று கேட்டீர்கள். தரை கூட்டுகிற அம்மாவைக்கூட விடவில்லை. கடைசியில் உங்களைக் கண்டாலே, "ஊசி ஐயா வாறார்" என்று சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று உங்களைத் தெரியாத ஆள் மாதிரி நடித்தேன். அது பகிடி இல்லை அப்பா. அதுக்கும் மன்னிப்பு.

இந்தமுறை அவளுக்குப் பயம், பிள்ளை சுணங்கும் என்று இல்லை, கெதியாய் வந்துவிடும் என்று. மூத்தவன் ஓர்டினரி பஸ். எல்லா இடத்திலும் நின்று நின்று வந்தான். இரண்டாவது எக்ஸ்பிரசாம். இங்கிலீஷில் 'நோ' என்றால் இல்லை, எங்களுக்கு நோ என்றால் வலி, ஆகவே நோவுக்கு நோ சொல்ல ஒரு ஊசி போதும் என்று அக்காவுக்குப் பகிடி விட்டுப் பார்த்தேன். வழக்கமாகத் தலையணையால் எறிவாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணக்குப் போடுகிறாள் அப்பா, நாள் முழுக்க. படகில் ஒரு மணித்தியாலம். அக்கரையில் குறிகாட்டுவான் துறையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மணித்தியாலத்துக்கு மேல். அங்கே பதிந்து, பார்த்து, கட்டிலில் ஏற்றி... பிறகு மறுபடியும் முதலில் இருந்து. எப்படிக் கூட்டினாலும் ஊசிக்கு நேரம் மிஞ்சவில்லை.

நேற்று மத்தியானம் அந்தக் கணக்கு உண்மையாகிவிட்டது என்றே நினைத்தோம். அக்காவுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வயிறு இறுகியது. காற்றுக்குப் படகு ஓடவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்று எழுதுவது குறைவு. மூத்தவன் வந்து, "அம்மா ஏன் சித்தியின்ரை கையை உடைக்கிறா?" என்று கேட்டான். 

தீவு மிட்வைஃப் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். "இது பொய்க்குத்து. பயப்பிடாதையும்" என்றார்.

"மிஸ், உண்மையானது இங்கை வந்திட்டால்?" என்று அக்கா கேட்டாள்.

"அவசரப் படகு கூப்பிடுவம்."

"அதிலை அந்த ஊசி இருக்குமோ?"

"இல்லையம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பிள்ளை வாற கட்டத்திலை போட யோசிப்பினம். பிள்ளை சோம்பிப்போகும், மூச்செடுக்கக் கஷ்டப்படும். நீர் நேரத்தோடை போய் நிண்டால்தான் நல்லது. மூச்சாலை இழுக்கிற மருந்தும் சில இடத்திலை இருக்கு. வெக்கப்படாமல் வாய் விட்டுக் கேளும்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது பிள்ளை வழி தெரிஞ்சது அம்மா. காத்துக்கொண்டு நிக்காது."

அம்மா எழும்பிப் போய் உங்கள் விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுடைய முதுகு அழுதது. அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆனால் பன்னிரண்டு நாளாக அதுக்குள் ஒரு சங்கதியைப் பூட்டி வைத்திருந்தேன்.

"அம்மா, இந்த விளக்கு நூந்தது."

"எப்ப?"

"பன்னிரண்டாம் நாள். நீங்கள் கிணத்தடியிலை நிண்டனீங்கள். நான் காவலிருந்து போன் பாத்துக்கொண்டிருந்திட்டன். நிமிந்து பாத்தால் திரி கருகிக் கிடக்குது. ஆருக்கும் சொல்லாமல் கொளுத்தினனான்."

எண்ணெய்ப் போத்தல் என் தலைக்கு வரும் என்று குனிந்தேன். வரவில்லை. அம்மா அதை மெல்ல நிலத்தில் வைத்தார்.

"எட்டாம் நாளே நூந்தது, பிள்ளை" என்றார். "படையலுக்குச் சமைச்ச களை. இருந்தபடியே கண்ணயர்ந்து போனன். முழிச்சுப் பாத்தால் இருட்டு. உங்களுக்குச் சொன்னால் பயந்திடுவியள் எண்டு பேசாமல் கொளுத்திப்போட்டன்."

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்போது கட்டிலில் இருந்து ஒரு சின்னக் குரல்.

"போன வெள்ளி நானும்..."

"என்ன நீயும்?"

"எண்ணெய் விடக் குனிஞ்சனான். எழும்பேலாமல் கையை ஊண்ட, அது விளக்கிலை பட்டுப்போச்சு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. "ஐயோ சிரிக்கப் பண்ணாதையுங்கோ, வந்திடப் போகுது!" என்று அக்கா வயிற்றைப் பிடித்தாள். அம்மாவின் சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, பிறகு எது என்று தெரியாமல் ஓய்ந்தது. உங்கள் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "மூண்டு தரம் நூந்தும் ஒண்டும் சொல்லாத மனுசன், இப்ப என்ன சொல்லப் போறார். விடிய வெளிக்கிடுவம்."

இன்று விடிய வெளிக்கிட்டோம். விளக்கைப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒப்படைத்துவிட்டு, பையும் கிளினிக் கொப்பியுமாய் இறங்குதுறைக்குப் போனால், படகு இல்லை. காற்று. மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். முடிச்சு அவிழ்ந்தும் படகு அசையவில்லை. பை வாசலிலேயே கிடக்கிறது. அக்கா அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டு, தென்னை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஓடலாம் என்கிறார்கள்.

உங்களுக்கு நெஞ்சு நொந்த அன்றும் "கொஞ்சத்தாலை காத்து நிக்கும்" என்றுதான் சொன்னார்கள். எல்லாரையும் அக்கரை சேர்த்த ஆள், உங்களைச் சேர்க்க ஒரு படகு வரவில்லை. அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அவளும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதே தென்னையைத்தான் பார்க்கிறோம். நாளைக்குக் காற்று நிற்குமா அப்பா? உங்களுக்குத்தான் வானம் பார்க்கத் தெரியும். இப்போது அதுக்குக் கிட்டவும் இருக்கிறீர்கள்.

நின்றால், இது என் வாக்கு. அம்மா உள்ளே அக்காவின் கையைப் பிடிக்கட்டும். வாசல் எனக்கு. தூணுக்குப் பின்னால் அல்ல, முன்னால் நிற்பேன். வருகிற நேர்ஸ், போகிற டொக்டர், கூட்டுகிற அம்மா, ஒருவரையும் விடமாட்டேன். நேரம் இருந்தால் ஊசி. இல்லையென்றால் அந்த மூச்சு மருந்து. அதுவும் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரிக்க வைப்பது எனக்குப் புதிதா?

பிள்ளை பிறந்ததும் வந்து உங்களுக்கு ஒரு தேத்தண்ணி வைப்பேன். சீனி போட்டு.

இப்படிக்கு,
ஊசி ஐயாவின் வேலையைப் பாரமெடுத்த கடைக்குட்டி,
உங்கள் குரங்கு.