முப்பத்தேழாம் துண்டு

3 மார்ச் 2025, திங்கள்
எங்கள் ஊர் சுங்கைப் பட்டாணி மாலில், மூன்றாம் மாடி ரோலர் கோஸ்டருக்கு வரலாற்றுப் பலகை வைத்திருக்கிறார்கள். '2001இல் வெளிநாட்டுப் பொறியாளர்கள் அமைத்தது.'

பொய். தஞ்சோங் டாவாய் கடற்கரைப் பூங்காவில் பதினோரு வருடம் வெயிலிலும் மழையிலும் ஓடியது அது. 2001இல் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, இங்கே கூரைக்குள் மறுபடி பூட்டியவர் என் கணவர் சதாசிவம். வெளிநாட்டுக்காரர்கள் திறப்பு விழாவுக்கு வந்து கேக் வெட்டினார்கள்.

மேலாளர் ஷாமளாவிடம் சொன்னேன். "ரெக்கார்டுல அங்கிள் பேரே இல்லையே ஆண்ட்டி. பழைய கதை, விடுங்க லா."

விடுவதா?

6 மார்ச்
மால் நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் அனுப்பினேன். கான்வெண்ட் சிஸ்டர்கள் பழக்கிய கையெழுத்து.

9 மார்ச்
கடிதத்துக்குப் பதில் இல்லை. அன்று கழற்றும்போது, வரிசை மாறாமல் பூட்டுவதற்காக ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும் அவர் எண் குத்தினார். அவர் பார்த்துக் குத்திய எண் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். கார்பன் நகல் பீரோவில் கிடைத்தது, அவர் கையெழுத்தோடு. ஷாமளாவிடம் நீட்டினேன்.

"இத யார் வேணும்னாலும் டைப் பண்ணலாமே ஆண்ட்டி."

டைப் செய்த என்னிடமே இப்படியா!

10 மார்ச்
பட்டியலை மறுபடி வாசித்தேன். 36. அடுத்து 38.

நான்தான் விட்டிருக்கிறேன். அவர் எழுதிய கடிதத்தையெல்லாம் சிவப்பு மையால் திருத்தியவள்.

பாக்காமலா இருந்திருப்பாரு? பாத்துட்டு, நான் அடிச்ச மாதிரியே இரும்புலயும் குத்திட்டாரா? சாகுற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லலையே மனுசன் —

11 மார்ச்
இரும்பிலும் 37 இல்லையென்றால் இந்தப் பட்டியல் உண்மை. அவர் பெயர் நிலைக்கும். என் பிழையும் ஊருக்கே தெரியும்.

தெரியட்டும்.

18 மார்ச், செவ்வாய்
பராமரிப்பு நாள். இருட்டில் ஓடும் கோஸ்டர்; அன்று மட்டும்தான் உள்ளே விளக்குப் போடுவார்கள். "முப்பத்தேழு இருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்" என்றேன் ஷாமளாவிடம்.

மெக்கானிக் தேவன் மேலே ஏறி, சாயத்தைச் சுரண்டி, டார்ச் அடித்துக் கத்தினான். "முப்பத்தாறு... அடுத்தது முப்பத்தெட்டு! நடுவுல காணோம் மேடம்!"

ஷாமளா என் பட்டியலில் 36க்கும் 38க்கும் நடுவில் விரல் வைத்தாள். "அங்கிள் ஏன் ஒண்ண விட்டாரு?"

"அவர் விடவில்லை. நான் விட்டேன். எழுதிக்கொள்."

12 ஏப்ரல்
புதிய பலகை. முதல் வரியில் அவர் பெயர். கடைசி வரி: '37ஆம் எண் கிடையாது. பட்டியலைத் தட்டச்சு செய்த திருமதி குணசுந்தரி சதாசிவத்தின் பிழை.' அந்த வரி வேண்டாமே என்று ஷாமளா கெஞ்சினாள். நான் விடவில்லை. ஒரே பலகையில் நாங்கள் இருவரும்.

பக்கத்தில் இன்னொரு பலகை: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்கூடாதாம். அப்படியானால் நானும்தான்!

அடுத்த கடிதத்தைத் தொடங்கிவிட்டேன்.