தவுக்கே மேல் படிந்த தங்கத்தூள்

காலையில் கைப்பையைத் திறந்ததும் காய்ந்த கெத்தாபாங் என்ற நாட்டு வாதுமை இலையின் வாசம் மூக்கில் ஏறியது. ஆறிப்போன தேத்தண்ணியும் புழுதியும் கலந்தது போல ஒரு வாசம். முந்தாநாள் பாடாங் கோத்தா கடற்கரையில், மரத்தடியில் குனிந்து நான் பொறுக்கிய இலைகள். நடக்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உன்னோடு பொறுக்கிய காலத்திலும் அப்படித்தான் பார்த்தார்கள். அப்போது நாம் இரண்டு பேர், வெட்கம் தெரியவில்லை.

இலை தவுக்கேக்குத்தான். நீ போன பிறகு என் மேசைக்கு வந்துவிட்ட உன் சண்டை மீனுக்கு நான்கு நாளாக உடம்பு சரியில்லை.

செபராங் ஜெயா ஆபீசில், நம் இரண்டு மேசைக்கும் நடுவில் அந்தச் சின்னத் தொட்டியை நீ கொண்டுவந்து வைத்த நாள் நினைவிருக்கிறது. ஃபைல் வைக்கவே இடமில்லை, இதில் மீன் ஒரு கேடா என்று நான்தான் கத்தினேன். மறுநாளே அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். ஒரு வேலையும் செய்யாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாம் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பது? முதலாளியைத் தவுக்கே என்றுதானே சொல்வோம், அந்த மரியாதையோடு தவுக்கே ஆனார்.

உன் மீன் வைத்தியத்தில் பெரிய பெயர்களெல்லாம் கிடையாது. செட்டைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் கிடந்தால், “கை கட்டிக்கிட்டு நிக்கிறாரு, என்னமோ சரியில்ல” என்பாய். வயிறு உப்பினால் இரண்டு நாள் விரதம். வாலின் ஓரம் கறுத்துக் கந்தலானால் மருந்துக் குப்பியைத் தேடமாட்டாய், முதலில் தண்ணீரை மாற்றுவாய். பாதி நோய் அழுக்குத் தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்பது உன் கட்சி. செதில்கள் அன்னாசிப் பழத்தோல் மாதிரித் தூக்கிக்கொண்டால் மட்டும் பிழைப்பது கஷ்டம் என்றாய். அது தவுக்கேக்கு வரவில்லை.

அவருக்கு வந்தது வேறு. ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் முதுகெல்லாம் பொன்னாக மின்னியது. நான் ஆபீசையே கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் ஆகா என்றார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய், விளக்கை அணைத்து, கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தாய். மஞ்சள் தூளைச் சல்லடையில் சலித்துத் தூவியது போல உடம்பெங்கும் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தது.

“இது அழகு இல்லடி, சீக்கு. அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடாதலா. ஏன் அழகா இருக்குன்னு பாரு.”

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என்ன பிரயோசனம்?

மீன் கடையில் வாங்கிய உப்பைத் தனியாகக் கரைத்து, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாய். மருந்தும் விட்டாய். இலையைப் போட்டுத் தண்ணீரைத் தேத்தண்ணி நிறமாக்கினாய். அந்தக் கிருமி வெளிச்சத்தில் பலம் பிடிக்குமாம். அதனால் ஏர்கோன் குளிருக்கு நீ போர்த்தும் கறுப்புச் சால்வையால் தொட்டியை மூடினாய். தவுக்கே லீவு போட்டிருக்கிறார் என்று ஆபீசே கேலி செய்தது. நீ குளிரில் உட்கார்ந்திருந்தாய். இரண்டு வாரத்தில் அவர் பழையபடி நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்த வருடம் தீபாவளிக்கு டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாய். நீலச் சேலை. இடுப்பு சிறுத்து, கன்ன எலும்பு எடுப்பாகத் தெரிய, பத்து வயது குறைந்தவள் மாதிரி வாசலில் நின்றாய். என் வாய் சும்மா இருக்குமா? சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டியே, என்ன டயட், எனக்கும் சொல்லித்தாடி என்று வீடே கேட்கக் கூவினேன். நீ சிரித்தாய். உன் முறுக்கை என் தட்டில் வைத்தாய். அதையும் நான் தின்றேன், மடச்சி.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில்தான் வயிற்றில் புற்று என்று தெரிந்தது. தீபாவளிக்கு முன்பிருந்தே உனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன்.

“நீ அவ்ளோ சந்தோசமா சொன்ன. அத கெடுக்க மனசு வரல.”

நீ பயத்தில் ஒளித்துவைத்திருந்தாய் என்று வேறு ஆட்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய் என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது.

போன திங்கட்கிழமை தவுக்கே கை கட்டிக்கொண்டு நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. நேரே ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய் வெளிச்சம் அடித்தேன். செவுள் ஓரத்தில் மட்டும் லேசாகப் பொன் தூள். உப்பு, மருந்து, இலை, எல்லாம் உன் கணக்குப்படி. தொட்டியின் மேல் உன் சால்வை. நீ கண்ணை மூடியதிலிருந்து அது உன் நாற்காலி முதுகிலேயே கிடந்தது, யாரையும் எடுக்கவிடவில்லை. இன்று மத்தியானம் ஓர் உருண்டை தீனி சாப்பிட்டார். முழுசாகக் குணமாக இன்னும் நாளாகும். வயசும் ஆகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை நேரத்தோடு பார்த்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி புக்கிட் தெங்காவிலிருந்து வந்தாள். மெலிந்து, முகமெல்லாம் பளபளவென்று இருந்தாள். வாசலிலேயே நிறுத்தி, சோறு ஒழுங்காக இறங்குகிறதா, வயிற்றில் வலி இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு வந்ததே கோபம். ஆறு மாசமாக ஜிம்முக்குப் போகிறாளாம், உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று அரை மணி நேரம் திட்டினாள். கேட்டபடியே அவளுக்குத் தேத்தண்ணி கலக்கினேன்.

அந்தத் தீபாவளியன்று உன்னிடமும் இப்படித் திட்டு வாங்கியிருக்கலாம்.